எவர்சில்வர் பிளேட், லாரி ஸ்பிரிங் பட்டை: வீட்டுப் பட்டறையில் துளை போடுவது எப்படி?

(பட்டறைக்காரர்களின் கேள்வி-பதில். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் ஊரும் அடையாளமும்.)

முத்தியால்பேட்டை மாடி

மாடிக் கைப்பிடிக்கு எஸ்.எஸ். 304 (எவர்சில்வரின் ஒரு கிரேடு) பேஸ் பிளேட் எட்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் 100 × 100, தடிமன் 6 மி.மீ. பிளேட்டுக்கு நாலு துளை வீதம் 10 மி.மீ.யில் 32 துளை வேண்டும். கையில் இருப்பது 13 மி.மீ. சக் வைத்த ஹேண்ட் டிரில், உச்ச வேகம் நிமிடத்துக்கு 2800 சுற்று. பிட் சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்), 118 டிகிரி முனை, புதுசு.

எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட்டை இதே பிட் சுத்தமாக வெட்டுகிறது. எவர்சில்வரில் 2 மி.மீ. வரை இறங்கி நின்றுவிடுகிறது. துளையின் அடி பளபளவென்று ஆகிவிடுகிறது, பிட்டின் வெளி மூலை நீலமாகிறது. எவ்வளவு அழுத்தினாலும் கீச்சென்ற சத்தம்தான்.

இன்னொன்று, லாரி ஸ்பிரிங் பட்டையில் 8 மி.மீ.யில் இரண்டு துளை வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே பிட் வாங்கினால் போதுமா?

தட்டாஞ்சாவடி டர்னர்

பிட் ஒன்றாக இருக்கலாம், சிக்கல் ஒன்றல்ல. ஸ்பிரிங் பட்டை நம் கைக்கு வரும்போதே கடினமாக வருகிறது. 304 பிளேட் வரும்போது மென்மையானதுதான். அதைக் கடினமாக்குவது நம் பிட்.

304 அழுத்தி நசுக்கப்பட்டால் அந்த இடத்தில் இறுகிவிடும். குளிர்நிலையில் நன்றாக உருட்டிய 304 தகடு ராக்வெல் சி என்ற கடின அளவையில் 40 வரை போகும். பிட் வெட்டாமல் தேய்த்துக்கொண்டே சுற்றும்போது துளையின் அடியில் நடப்பது இதுதான். நீங்கள் பார்த்த பளபளப்பு அந்த இறுகிய தோல். அதன்மேல் பிட் இன்னும் தேயும், தேயத் தேயச் சூடு ஏறும், சூடு ஏற மூலை மழுங்கும். இதற்கு மேல், 304-இன் வெப்பக் கடத்தல் சாதாரண இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான். சூடு பிளேட்டுக்குள் பரவாமல் பிட்டின் வாயிலேயே தங்கிவிடுகிறது.

இப்போது உங்கள் வேகத்தைப் பாருங்கள். 10 மி.மீ. பிட் 2800-இல் சுற்றினால் அதன் மூலை நிமிடத்துக்கு 88 மீட்டர் ஓடுகிறது. 304-க்கு எச்.எஸ்.எஸ். பிட் தாங்குவது 8 முதல் 12 மீட்டர். எட்டு மடங்கு அதிகம். மிச்சமெல்லாம் அதன் விளைவு.

கணக்கு எளிது. 318-ஐ மீட்டர் வேகத்தால் பெருக்கி, பிட் விட்டத்தால் வகுக்க வேண்டும். 10 மீட்டர் என்று வைத்தால் 3 மி.மீ. பிட்டுக்கு 1060, 4-க்கு 800, 5-க்கு 640, 6-க்கு 530, 8-க்கு 400, 10-க்கு 320, 12-க்கு 265. இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வேகம் பாதி விஷயம், இறக்கம் மீதி. ஒவ்வொரு சுற்றிலும் பிட்டின் வாய், முந்தைய சுற்று இறுக்கிவிட்ட தோலுக்குக் கீழே போய் வெட்ட வேண்டும். 10 மி.மீ. பிட்டுக்குச் சுற்றுக்கு 0.12 முதல் 0.15 மி.மீ., 6 மி.மீ.க்கு 0.08 முதல் 0.1. அதாவது 320 சுற்றில் 0.12 இறக்கினால் உங்கள் 6 மி.மீ. பிளேட்டை, முனை முழுக்க வெளியே வரும்வரை சேர்த்து, 14 வினாடியில் கடந்திருக்க வேண்டும். ஒரு துளை ஒரு நிமிடம் இழுத்தால் அங்கே வெட்டு நடக்கவில்லை.

அரியாங்குப்பம் கேட்-கிரில்

டர்னர் அண்ணன் சொன்ன வேகம் சரி. ஆனா ஹேண்ட் டிரில்ல 10 மி.மீ. பிட்டுக்குச் சுற்றுக்கு 0.12 இறக்கறது மனுஷனால முடியாது. உடம்ப முழுக்கச் சாய்ச்சாலும் அவ்வளவு அழுத்தம் வராது. அதனால படிப்படியாத்தான் போகணும். முதல்ல 3, அப்புறம் 5, அப்புறம் 7, கடைசியா 10. சைட்டுல எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க.

தட்டாஞ்சாவடி டர்னர்

அழுத்தம் போதாது என்பது உண்மை. பிட்டின் நடுவில் இருக்கும் உளி முனை வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்கித் தள்ளுகிறது. கீழே இறக்கத் தேவைப்படும் அழுத்தத்தில் ஏறத்தாழ பாதியை அதுவே விழுங்கிவிடும். ஆகவே ஹேண்ட் டிரில்லுக்கு முன் துளை தேவை. ஒத்துக்கொள்கிறேன்.

நாலு படி மட்டும் வேண்டாம். 5 துளையில் 7 பிட்டை விட்டால் அது தன் வெளி ஓரத்து 1 மி.மீ.யில் மட்டும் வெட்டும். பிட்டில் சீக்கிரம் மழுங்குகிற இடம் அந்த மூலைதான். அத்தனை சூடும் அந்த ஓரத்தில் விழும். ஒவ்வொரு படியும் துளைச் சுவரை இன்னொரு முறை இறுக்கி அடுத்த பிட்டுக்குக் கொடுக்கும். போதாததற்கு, குறுகிய ஓரத்தில் மட்டும் வெட்டும் பிட் திருகு மாதிரி உள்ளே இழுத்துக்கொண்டு மணிக்கட்டை முறுக்கும்.

முன் துளையின் அளவை உளி முனையின் அகலம் சொல்லும். 10 மி.மீ. பிட்டில் உளி முனை அமைந்திருக்கும் நடுத்தண்டு 1.5 முதல் 2 மி.மீ. கைவேலையில் 3.5 அல்லது 4 மி.மீ. முன் துளை ஒன்று, உடனே 10. இரண்டே பிட். பில்லர் டிரில்லாக (தூணில் நின்று நெம்புகோலால் இறங்கும் டிரில்) இருந்து, பிட் ஸ்பிளிட் பாயிண்ட் (உளி முனையும் வெட்டும்படி பிளந்து சாணை பிடித்தது) 135 டிகிரியாக இருந்தால் முன் துளையே வேண்டாம், நேராக 10.

4 மி.மீ. பிட் கூராக இருப்பது 10 மி.மீ. பிட் கூராக இருப்பதைவிட முக்கியம். மழுங்கிய 4 மி.மீ. போட்டுவைத்த துளையின் சுவர் முழுக்க இறுகியிருக்கும். அதில் புதுப் பெரிய பிட்டை விட்டாலும் அது முதல் துளையிலேயே போய்விடும்.

முதுநகர் ஃபிட்டர்

துளைக்கு முன்னாடி பிளேட் என்ன கிரேடுன்னு பார்த்துக்குங்க. 304-ன்னு சொல்லி 202 கொடுக்கிறது சகஜம். காந்தம் வெச்சுப் பார்த்தா 304, 316, 202 மூணுமே ஒட்டாது, வெட்டின ஓரத்துலயும் வளைச்ச இடத்துலயும் மட்டும் லேசா இழுக்கும். காந்தம் கப்புன்னு ஒட்டினா அது 430 அல்லது 410 வகை. 202-ல நிக்கல் குறைவு, மாங்கனீஸ் 7.5-லிருந்து 10 சதவீதம் வரை. 304-ஐ விட வலுவானது, இறுகறதும் அதிகம். பிட்டுக்குக் கஷ்டம், கடல் காத்துக்கு அதைவிடக் கஷ்டம். பழைய இரும்புக் கடைங்கள்ல சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டு 9 வோல்ட் பேட்டரி வெச்சு மாங்கனீஸ் பார்ப்பாங்க. ஒரு துண்டு கொண்டுபோனா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

முத்தியால்பேட்டைன்னா கடலுக்குப் பக்கம். அங்க 304 கைப்பிடி ஓட்டை விழுந்து போகாது, ஆனா டீ கறை மாதிரி பழுப்புப் படலம் வரும். 316-ல 2-லிருந்து 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கறதால உப்பைத் தாங்கும். இங்க முதுநகர் துறைமுகப் பக்கம் படகு வேலைக்கு அதான். துளை போடறதுல 304-க்கும் 316-க்கும் பெரிய வித்தியாசம் இல்ல, 316-க்கு வேகத்தை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கணும். பிளேட்டை இன்னும் மாத்த முடியும்னா மாத்திடுங்க.

முத்தியால்பேட்டை மாடி

பிளேட் லேசர் வெட்டி வந்துவிட்டது, மாற்ற முடியாது. அப்படியானால் என்ன பிட் வாங்குவது? கடையில் தங்க நிறம், கறுப்பு, வெண்கல நிறம் என்று இருக்கிறது. பேட்டரி டிரில் ஒன்று இரவல் கிடைக்கும், அது உதவுமா?

வில்லியனூர் சாணை

நிறத்தை வைத்து வாங்காதீர்கள். தங்க நிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சாக இருக்கலாம், வெறும் சாயமாகவும் இருக்கலாம். உண்மையான பூச்சும் ஒருமுறை சாணை பிடித்ததும் முனையில் போய்விடும். பிட்டின் தண்டில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். எச்.எஸ்.எஸ்.-கோ, எச்.எஸ்.எஸ்.-ஈ, எம்35 என்றால் 5 சதவீதம் கோபால்ட். எம்42 என்றால் 8 சதவீதம். கோபால்ட் பூச்சு அல்ல, உலோகத்தின் உள்ளேயே கலந்திருப்பது. சூட்டில் கூர் நிற்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். சாணை பிடித்தாலும் அப்படியே இருக்கும்.

எம்42 எம்35-ஐவிடக் கடினம், அந்த அளவுக்கு ஒடியவும் செய்யும். ஹேண்ட் டிரில்லில் பக்கவாட்டு ஆட்டம் இருக்கும், ஆகவே எம்35 போதும். 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் கேட்டு வாங்குங்கள். நீளம் குறைந்த ஸ்டப் வகை கிடைத்தால் அதை எடுங்கள், வளையாது. உங்கள் வேலைக்கு 4 மி.மீ.யில் மூன்று, 10 மி.மீ.யில் இரண்டு. 10-ஐ ஒவ்வொரு எட்டுத் துளைக்கும் எடுத்துப் பாருங்கள். மூலையில் நகத்தை வைத்தால் சுரண்ட வேண்டும். வழுக்கினால் சாணைக்கு.

சாணை பிடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எவர்சில்வரில் பாதித் தோல்வி இங்கேதான். 118 டிகிரிக்கு அளவு பார்க்க இரண்டு ஆறுமூலை நட்டை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்தால் நடுவில் 120 டிகிரி வாய் கிடைக்கும், அது போதும். 135-க்குக் கெட்டி அட்டையில் ஒரு செங்கோணமும் ஒரு 45 டிகிரியும் சேர்த்து வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு வாயும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நீண்டால் அந்த வாய் மட்டும் வெட்டும், துளை 10-க்குப் பதில் 10.4 ஆகும், அந்த ஒரு மூலை முதலில் சாகும். சரியாகப் பிடித்த பிட் இரண்டு பக்கமும் ஒரே தடிமன் சுருள் விடும். ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்தால் திரும்பச் சாணைக்குப் போக வேண்டியதுதான்.

வாய்க்குப் பின்னால், தேய்க்காமல் இருக்க இறக்கிவிடும் சரிவு 8 முதல் 10 டிகிரி. எம்.எஸ்.க்கு 12 வரை போகலாம். எவர்சில்வருக்கு அதிகம் இறக்கினால் வாய் பலமில்லாமல் சில்லுச் சில்லாக உதிர்ந்துவிடும், இறக்காமல் விட்டால் பின்பக்கம் தேய்க்கும். பெரிய பிட்டில் உளி முனையைச் சாணைக் கல்லின் ஓரத்தில் வைத்து மெலிதாக்குவதுதான் கைவேலையில் பெரிய வித்தியாசம் காட்டும். 10 மி.மீ. பிட்டில் அதை 0.8 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

எச்.எஸ்.எஸ். பிட் சாணையில் லேசாக நீலமானால் கூர் போய்விட்டது என்று அர்த்தமில்லை, 550 டிகிரி வரை அது தாங்கும். ஆனால் சிவக்கச் சூடான பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், எவர்சில்வரில் வைத்ததும் மூலை உதிரும்.

தட்டாஞ்சாவடி டர்னர்

பேட்டரி டிரில் மிக நல்லது. கியர் 1-இல் உச்சம் 400, 450 தான் இருக்கும், அது 10 மி.மீ.க்குப் பொருந்துகிற வேகம். விசையை முக்கால் அளவு அழுத்திப் பிடித்தால் 320 அருகே வரும். பக்கக் கைப்பிடியை மாட்டாமல் 10 மி.மீ. பிட்டைத் தொடாதீர்கள். கியர் 1-இன் திருகு விசை பிட் மாட்டிக்கொண்டால் கையைச் சுழற்றிவிடும். பிளேட்டைக் கையால் பிடிப்பது கூடவே கூடாது. வைஸ் அல்லது இரண்டு சி-கிளாம்ப், அடியில் சமமான எம்.எஸ். துண்டு அல்லது தேக்குக் கட்டை. அடியில் தாங்கல் இருந்தால் பிட் வெளியே வரும்போது பிடித்து இழுக்காது, பிசிறும் குறையும்.

பக்கத்தில் யாரிடமாவது பில்லர் டிரில் இருந்தால் 32 துளைக்கு அதுதான் சரி. சின்ன பெஞ்ச் டிரில்களில் பெல்ட்டை எவ்வளவு கீழே மாற்றினாலும் 450, 500-க்குக் கீழ் இறங்காது. 10 மி.மீ.க்கு அது 14 முதல் 16 மீட்டர். எம்35 பிட், எண்ணெய் தடையில்லாமல் விழுகிறது என்றால் ஓடும். எச்.எஸ்.எஸ். என்றால் ஓடாது. காந்த அடி வைத்த டிரில்லை வாடகைக்கு எடுக்க நினைக்காதீர்கள், 304-இல் அது ஒட்டாது.

சென்டர் பஞ்ச் (மையப் புள்ளி குத்தும் உளி) லேசாக ஒரு தட்டு. எம்.எஸ்.க்கு அடிப்பதுபோல ஆழமாக அடித்தால் பிட் தொடங்கவேண்டிய இடத்தையே இறுக்கிவிடுவீர்கள். ஸ்பிளிட் பாயிண்ட் பிட்டுக்கு ஒரு புள்ளி போதும், அது இடம் விட்டு நகராது.

தொட்டதும் அழுத்தம். மோட்டாரைச் சுற்றவிட்டு மெதுவாக இறக்கிப் பார்ப்பது, நடுவில் அழுத்தத்தைத் தளர்த்தி 'கொஞ்சம் ஆறட்டும்' என்று சுற்றவிடுவது, இரண்டும்தான் துளையைக் கெடுப்பவை. ஆற வேண்டுமானால் பிட்டை முழுக்க வெளியே எடுங்கள், எண்ணெய் விடுங்கள், திரும்ப வைத்ததும் அழுத்துங்கள். 6 மி.மீ. தடிமனுக்கு நடுவில் எடுக்கவே வேண்டாம். ஆழம் பிட் விட்டத்தின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் சுருளை வெளியேற்ற எடுக்க வேண்டும்.

சுருளைப் பாருங்கள். நீண்ட, வெள்ளை அல்லது இளம் வைக்கோல் நிறச் சுருள் வந்தால் சரியாகப் போகிறது. நீலச் சுருள் என்றால் வேகம் அதிகம். பொடி வந்தால் தேய்க்கிறது, உடனே நிறுத்த வேண்டும்.

பண்ருட்டி பட்டறை

எண்ணெய் பத்தி யாரும் விவரமாச் சொல்லல. வீட்டுல கட்டிங் ஆயில் இல்லாட்டி கடலை எண்ணெய் நல்லாவே வேலை செய்யும். தேங்காய் எண்ணெயும் ஓகே. வண்டியில வடிச்ச பழைய எஞ்சின் ஆயில் மட்டும் வேண்டாம்.

தட்டாஞ்சாவடி டர்னர்

ஒத்துக்கொள்கிறேன், காரணத்தோடு. இவ்வளவு மெதுவான வேகத்தில் எண்ணெயின் முதல் வேலை குளிரவைப்பதல்ல, சுருள் பிட்டின் வாயில் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கவைப்பது. தாவர எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலம் உலோகத்தின்மேல் பிடித்து நிற்கும். எஞ்சின் ஆயில் அப்படி நிற்கச் செய்யப்பட்டதல்ல, பழையது என்றால் கரியும் உலோகத்தூளும் வேறு. தோலுக்கும் கெடுதி.

கந்தகமோ குளோரினோ சேர்த்த நீட் (தண்ணீர் கலக்காத) கட்டிங் ஆயில் கிடைத்தால் கடலை எண்ணெயைவிட அதுவே மேல், குறிப்பாக மரை போடும்போது. பில்லர் டிரில்லில் தொடர்ந்து ஊற்ற முடிந்தால் சொலுபிள் ஆயில் (தண்ணீரில் கலக்கும் எண்ணெய்), பத்து பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு. எண்ணெயைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் திரிந்துபோகும். வெறும் தண்ணீர் பிட்டைக் குளிரவைக்கும், வழுக்காது, மெஷின் டேபிளைத் துருப்பிடிக்க வைக்கும். எந்த எண்ணெயானாலும் முதல் தொடுகைக்கு முன்பே இருக்க வேண்டும். பிட் சூடான பிறகு ஊற்றினால் புகைதான் வரும்.

முத்தியால்பேட்டை மாடி

ஏற்கெனவே பாதியில் நின்ற துளை மூன்று இருக்கிறது. அவற்றைக் காஸ் விளக்கில் சூடாக்கி மென்மையாக்கலாமா?

முதுநகர் ஃபிட்டர்

கூடாது. கார்பன் எஃகைச் சூடாக்கி மெதுவா ஆறவிட்டா மென்மையாகும். 304-க்கு நேர் எதிர். அது மென்மையாகணும்னா 1010-லிருந்து 1120 டிகிரி வரைக்கும் ஏத்தி, சட்டுன்னு ஆற வைக்கணும். காஸ் விளக்குல 500, 700 டிகிரியில நின்னுச்சுன்னா மென்மையும் ஆகாது, குரோமியம் கார்பைடாப் பிரிஞ்சு துரு தாங்கற சக்தியும் அந்த இடத்துல போயிடும். கடற்கரை வீட்டுல முதல் மழைக்காலத்துலயே அந்த வட்டத்துல துரு தெரியும்.

வழி சொல்றேன். பிளேட்டைத் திருப்பி அடிப்பக்கத்துலேர்ந்து கூரான எம்35 4 மி.மீ.யால அதே மையத்துக்கு வாங்க. மையத்தைச் சதுரம் பார்த்துக் குறிச்சுக்கணும். இறுகின தோல் மெல்லிசுதான், கீழேர்ந்து வெட்டிக்கிட்டு வர்ற பிட் அதை உடைச்சுக்கிட்டு வந்துடும். திருப்ப முடியாத இடம்னா டை கிரைண்டர்ல சின்ன கார்பைடு பர் (சுழல்ற சின்ன அரம்) மாட்டி, அடியில இருக்கற பளபளப்பைச் சுரண்டி எடுத்துட்டு, புது பிட்டை முழு அழுத்தத்தோட வைக்கணும்.

அரியாங்குப்பம் கேட்-கிரில்

மெல்லிய தகட்டுக்கு வேற முறை. சிங்க்ல குழாய்க்கு 35 மி.மீ. துளை கேட்பாங்க, தகடு 1 மி.மீ. இருக்கும். ட்விஸ்ட் பிட் தகட்டைப் பிடிச்சுக் கிழிக்கும், துளை முக்கோணமா வரும். படிப்படியா விரியற ஸ்டெப் பிட், இல்லன்னா பைமெட்டல் ஹோல் சா (வட்ட ரம்பம்). 35-க்கு 90 சுற்றுதான் கணக்கு. பேட்டரி டிரில் கியர் 1-ல விசையை லேசாத் தொட்டு ஓட்டணும். தகட்டுக்கு அடியில மரக்கட்டை வெச்சுச் சேர்த்து இறுக்குங்க. ஹோல் சாவோட நடு பிட்டும் கோபால்ட்டா இருக்கணும், பெட்டியோட வர்றது பெரும்பாலும் முதல் துளையிலயே முடிஞ்சிடும்.

பண்ருட்டி பட்டறை

இப்ப ஸ்பிரிங் பட்டைக்கு வர்றேன்.

லாரிப் பட்டை பெரும்பாலும் சிலிக்கான்-மாங்கனீஸ் ஸ்பிரிங் எஃகு, வண்டியில இருந்து கழட்டினபடி ராக்வெல் சி 42-லிருந்து 48 வரை இருக்கும். எச்.எஸ்.எஸ். பிட்டே 63, 65 தான். அதனால இது கோபால்ட் பிட்டோட எல்லைக்குள்ள வர்ற வேலை. 8 மி.மீ.க்கு நிமிஷத்துக்கு 5 மீட்டர்னு வெச்சு 200 சுற்று. பில்லர் டிரில் கண்டிப்பா வேணும், இதை ஹேண்ட் டிரில்ல முயற்சி பண்ணாதீங்க. முன் துளை 3 மி.மீ., அப்புறம் நேரா 8. கட்டிங் ஆயில் சொட்டு சொட்டா விழணும். வெளிய வர்ற கடைசி 1 மி.மீ.ல கை அழுத்தத்தைச் சீரா வெச்சுக்குங்க, அங்கதான் மூலை ஒடியும்.

அரிவாள், கத்தி செய்யறதுக்குன்னா முதல்லயே பதம் எடுத்து மென்மையாக்கிடலாம். உலையில வெச்சு, காந்தம் ஒட்டாத நிலைக்கு மேல இன்னும் கொஞ்சம் சிவப்பு ஏத்தி, 850 டிகிரி சுமாருக்கு, காஞ்ச சாம்பல்லயோ சுண்ணாம்புத் தூள்லயோ புதைச்சு ராத்திரி முழுக்க விடணும். மறுநாள் சாதாரண பிட் போகும். துளை போட்ட பிறகு திரும்பப் பதம் ஏத்திக்கலாம்.

வண்டியில பாரம் தாங்கற பட்டையில புதுசாத் துளை போட்டுடாதீங்க. துளை ஓரத்துலேர்ந்து விரிசல் கிளம்பி நடுரோட்டுல பட்டை ஒடியும். ஓர் இடத்தை மட்டும் காய்ச்சி எடுத்த பட்டையையும் வண்டிக்குப் போடக் கூடாது.

வில்லியனூர் சாணை

துளை போடுகிற இடத்தை மட்டும் சூடாக்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. நன்றாகச் சிவக்கச் சூடாக்கி அப்படியே விட்டால், சுற்றியுள்ள குளிர்ந்த எஃகே அந்தச் சூட்டை உறிஞ்சிக் குளிரவைத்து, பழையதைவிடக் கடினமாக்கிவிடும். பேரிங் எஃகில் இது நிச்சயம் நடக்கும். சிவப்புக்குக் கீழே, இருட்டில் மட்டும் மங்கலாகத் தெரிகிற நிறத்தில் சில நிமிடம் வைத்து, விளக்கை மெதுவாக விலக்கிக்கொண்டே போக வேண்டும்.

எந்த எஃகு என்று தெரியாவிட்டால் முதலில் கூரான அரத்தை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அரம் கடித்தால் கோபால்ட் பிட் போகும். சிரமப்பட்டுக் கடித்தால் 50-ஐ ஒட்டிய கடினம், கோபால்ட் பிட்டுக்கு அது எல்லை. கடிக்காமல் கண்ணாடியில் போவதுபோல வழுக்கினால் 60 அருகே இருக்கிறது, கோபால்ட்டும் வீண். அங்கே கார்பைடு, அல்லது மேற்சொன்னபடி பதம் எடுப்பது.

சில ஷாஃப்ட், பின் வகைகள் மேல்தோல் மட்டும் கடினம், அரை முதல் ஒரு மி.மீ. ஆழம். துளை வரும் இடத்தில் சின்ன கிரைண்டிங் கல்லால் அந்தத் தோலைக் கரைத்துவிட்டால் உள்ளே சாதாரண இரும்புதான். மறுபக்கத் தோலையும் கரைக்க மறக்காதீர்கள், பிட் அங்கேதான் போய் முட்டும்.

முத்தியால்பேட்டை மாடி

கான்கிரீட் பிட்டின் முனையில் கார்பைடு இருக்கிறதே, அதைச் சாணை பிடித்துக் கடின எஃகில் விடலாம் என்கிறார்கள். உண்மையா?

வில்லியனூர் சாணை

உண்மை, எல்லைக்குள். கடையில் வரும் கான்கிரீட் பிட்டின் வாய் மொட்டை, அது கல்லை உடைக்கச் செய்தது. பச்சை சிலிக்கான் கார்பைடு கல்லிலோ டயமண்ட் சக்கரத்திலோ கூராக்க வேண்டும். சாதாரணச் சாம்பல் கல்லில் கார்பைடு தேயாது, கல்தான் தேயும். அரைக்கும்போது தண்ணீரில் முக்கினால் முனை விரிசல் விடும், பித்தளைப் பற்றும் கழன்றுவிடும். காற்றில் ஆறட்டும். கார்பைடு தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, முகக்கவசம் கட்டாயம்.

பில்லர் டிரில்லில், பிளேட் அசையாமல், சுத்தி அடிக்கும் நிலை இல்லாமல், சீரான அழுத்தத்தில் 6 மி.மீ.க்கு 800 முதல் 1000 சுற்று. கார்பைடு சூட்டைத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. நடுவில் தண்ணீர் தெளித்தால் முனை சில்லுச் சில்லாக உதிர்ந்துவிடும், ஆகவே உலர்வாகவே ஓட்டுங்கள். துளை அளவு துல்லியமாக வராது, ஓரம் கரடாக இருக்கும், ஆனால் துளை விழும். பேரிங் ரேஸ் (பேரிங்கின் வளையம்), பழைய அரம் மாதிரி பொருளுக்கு வீட்டில் இதுதான் மலிவான வழி. முழுக் கார்பைடு பிட் சுத்தமாகப் போடும், ஆனால் மேசை கொஞ்சம் ஆடினாலும் இரண்டு துண்டு.

இந்தப் பிட்டை எவர்சில்வரில் விடாதீர்கள். எவர்சில்வருக்கு வேண்டியது கூர்மையான, சாய்ந்த வாய். கான்கிரீட் பிட்டின் வாய் நசுக்கும். நசுக்கினால் என்னவாகும் என்று மேலே பார்த்தோம்.

அரியாங்குப்பம் கேட்-கிரில்

பாதுகாப்பு ரெண்டு வரி. கையுறை போட்டுக்கிட்டு டிரில் பண்ணக் கூடாது. எவர்சில்வர் சுருள் நீளமா, கத்தி மாதிரி இருக்கும், கையுறையைப் பிடிச்சா விரலோட இழுத்துக்கும். வேட்டி, லுங்கி, துண்டு, தொங்கற சட்டைக் கை எதுவும் வேண்டாம். கண்ணாடி போடுங்க. சுருளை மெஷின் நின்ன பிறகு பிரஷ்ஷால எடுங்க.

முத்தியால்பேட்டை மாடி

கடைசியாக இரண்டு. நாலு இடத்தில் 10-க்குப் பதிலாக எம்8 மரை வேண்டியிருக்கிறது. துளை போட்டு முடித்த பிறகு துரு வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

தட்டாஞ்சாவடி டர்னர்

எம்8 மரைக்குப் புத்தக அளவு 6.8 மி.மீ. எவர்சில்வரில் 6.9 அல்லது 7.0 போடுங்கள். மரை உயரம் சற்றுக் குறையும், 6 மி.மீ. தடிமனில் பிடிப்புக்குக் குறையில்லை, டாப் (மரை வெட்டும் கருவி) உடையும் வாய்ப்பு மிகவும் குறையும். எம்6-க்கு 5.0-க்குப் பதில் 5.1, எம்10-க்கு 8.5-க்குப் பதில் 8.7. துளை மழுங்கிய பிட்டால் போட்டதாக இருந்தால் சுவர் இறுகியிருக்கும், டாப் அங்கேதான் ஒடியும். மரைத் துளைக்குப் புதிதாகச் சாணை பிடித்த பிட்டை மட்டும் எடுங்கள். நீட் கட்டிங் ஆயில் தாராளமாக. அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே. கனமாகும்போது வற்புறுத்தாமல் முழுக்க வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப விடுங்கள்.

முதுநகர் ஃபிட்டர்

துரு பத்தி. எவர்சில்வர் மேல வர்ற துருப்புள்ளி பல நேரம் வெளியேர்ந்து ஒட்டின இரும்போட துரு. எம்.எஸ். வெட்டின அதே மேசையில வெச்சு வேலை பண்றது, இரும்புக் கம்பி பிரஷ் போடறது, பக்கத்துல யாராவது எம்.எஸ். கிரைண்டிங் பண்ணித் தீப்பொறி விழறது, எல்லாம் இரும்புத் தூளை மேல பதிச்சுடும். எவர்சில்வர் கம்பி பிரஷ் தனியா வெச்சுக்குங்க. எம்.எஸ். வேலையை எதிர்ப்பக்கம் தள்ளிடுங்க. மரத் துண்டு மேல பிளேட்டை வைங்க.

துளையோட ரெண்டு பக்கமும் பிசிறை 90 டிகிரி கவுண்டர்சிங்க்கால (துளை ஓரத்தைச் சரிவா வெட்டற பிட்) மெதுவான வேகத்துல எடுங்க. பிசிறுக்கு அடியில உப்பு தங்கினா அங்கேர்ந்துதான் அரிப்பு ஆரம்பிக்கும். அப்புறம் சோப்புத் தண்ணியில எண்ணெய் முழுக்கப் போகக் கழுவணும். எண்ணெய் இருந்தா அடுத்த படி வேலை செய்யாது.

அடுத்தது எலுமிச்சை உப்பு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 100 கிராம், பிளாஸ்டிக் தொட்டியில. பிளேட்டை முக்கி அரை மணி நேரம் விடுங்க. நம்ம ஊரு வெயில்ல தண்ணி 30 டிகிரிக்கு மேலதான் இருக்கும், அந்தச் சூட்டுல 20 நிமிஷமே குறைந்தபட்சத்துக்குப் போதும். அது மேல ஒட்டின இரும்பைக் கரைச்சுடும், எவர்சில்வரைத் தொடாது. நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசித் துடைச்சுக் காய வைங்க. போர் தண்ணி உப்பா இருந்தா கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணி. பாத்ரூம் ஆசிட்டை மட்டும் தொடாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக், அதுல இருக்கற குளோரைடு எவர்சில்வர்ல குழி குழியா அரிச்சுடும்.

போல்ட் ஏ4-ன்னு தலையில அடிச்சிருக்கறதை வாங்குங்க, அது 316. ஏ2-ன்னா 304. மரையில ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம இருக்கத் தடவற பசை) தடவாம எவர்சில்வர் நட்டை மின்சார ரிஞ்ச்ல ஓட்டினா பாதியில பிடிச்சுக்கும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். லேசாத் தடவி, கையாலயே மெதுவா இறுக்குங்க.